கண்மாய்க்குள் கோல்ஃப்

சமயநல்லூரில் கோல்ஃப் பழகுகிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "எங்க வச்சு?" என்றுதான். மாசிக்குமேல் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் என்பேன். அடுத்த கேள்வி, "யாருகிட்ட?" அதற்கு இரண்டு பதில் உண்டு. ஒருவர் என் தாய்மாமா. இள வயதிலிருந்து கொடைக்கானல் மைதானத்தில் கேடியாக இருந்தவர். ஆடுகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, தூரம் சொல்லி, காற்றைச் சொல்லி, எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்லிக் குடும்பம் நடத்தியவர். முழங்கால் தேய்ந்ததும் மலையிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். இன்னொரு வாத்தியார் என் கைபேசி. அதற்குள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்து பாடம் நடத்துகிற பலர் இருக்கிறார்கள்.

இந்த இணைய வாத்தியார்களைக் கேட்கலாமா, கேட்கக் கூடாதா? இரண்டு பள்ளியிலும் ஒரே காலத்தில் படிக்கிறவன் என்பதால் எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. பந்து ஏன் அப்படிப் போகிறது என்று அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்கலாம். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லும்போது மட்டும், அந்தப் பாடம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மட்டையைத் தொடக் கூடாது.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம். அது பெரிய நியாயம். கோல்ஃப் காசு கேட்கிற ஆட்டம். ஒரு பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது; எங்களிடம் இருப்பது மாமா கொண்டுவந்த பழைய மட்டைகள் சில. தொழில்முறைப் பயிற்சியாளரிடம் நேரில் உட்கார்ந்து கற்க எங்களைப் போன்றவர்களுக்கு வழி இருந்ததே இல்லை. இங்கிலாந்தில் பயிற்சியாளர்களாக இருந்த ரிக் ஷீல்ஸ், டேனி மௌட் போன்றவர்களின் பாடங்களை, ஏழு மணி வேலை முடித்து வந்து, சமயநல்லூர் ஸ்டேஷன் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்க முடிகிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அவர்கள் சொல்லித்தான் எனக்கும் மாமாவுக்கும் ஒரு முக்கியமான விஷயம் தெளிந்தது. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது, பிறகு எந்தப் பக்கம் வளைகிறது என்பதைத் தீர்மானிப்பது எது? பல காலம் பயிற்சிக் கையேடுகளில் இருந்த பாடம் இது: மட்டை வருகிற பாதையின் திசையில் பந்து கிளம்பும், மட்டையின் முகம் பார்க்கிற பக்கம் வளையும். மாமாவும் கேடியாகக் கேட்டுப் பழகியது இதைத்தான். ஆனால் மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் அது. 1968-இல் காக்ரன், ஸ்டாப்ஸ் என்ற இருவர் எழுதிய ஆய்வு நூலிலேயே பந்து பறக்கிற விதம் சரியாக அலசப்பட்டிருந்தாலும், அது பயிற்சி மைதானங்களுக்கு இறங்கிவர நெடுங்காலம் ஆயிற்று. 2003-இல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்தின் ரேடார் கருவிகள் பரவிய பிறகுதான் சந்தேகம் முழுவதும் நீங்கியது. பந்து பெரும்பாலும் மட்டை முகம் பார்க்கும் திசையில்தான் கிளம்புகிறது. டிரைவர் என்ற பெரிய மட்டையில் கிளம்பும் திசையில் முகத்தின் பங்கு நூற்றுக்கு எண்பத்தைந்து போல. இரும்பு மட்டைகளில் எழுபத்தைந்து போல. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள விலகல்தான் பந்தை வளைக்கிறது.

ஏட்டுக் கணக்கு போலத் தெரியும். ஆனால் அடிக்கிறவனின் பிழைப்பே இதில் இருக்கிறது. வலது கை ஆட்டக்காரர் ஒருவர் அடித்த பந்து வலப்பக்கமாகக் கிளம்பி மேலும் வலப்பக்கமே வளைந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பாடப்படி, "மட்டை வலப்பக்கமாகப் போகிறது, இடப்பக்கமாக வீசு" என்பார்கள். அப்படி வீசினால் முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான விலகல் இன்னும் கூடும்; பந்து இன்னும் மோசமாக வளையும். புதிய பாடப்படி, அந்தப் பந்து வலப்பக்கம் கிளம்பியதற்குக் காரணம் முகம் வலப்பக்கம் திறந்திருந்ததுதான். சரிசெய்ய வேண்டியது முகத்தை.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. "அடிச்சுப் பாத்துருவம் மாப்ள" என்றார். பந்துக்கு முன்னால் சில அடி தள்ளி ஒரு கருவேலங்குச்சியை நட்டோம். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. மட்டை முகத்தை வேண்டுமென்றே திறந்துவைத்து, கோட்டின் மேலேயே வீசினேன். பந்து குச்சிக்கு வலப்பக்கமாகக் கிளம்பியது. முகத்தை மூடி வீசினேன். குச்சிக்கு இடப்பக்கம். மாமா தாமும் வாங்கி அடித்தார். பிறகு கண்மாய்க் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் நெறையப் பேருக்கு மாத்திச் சொல்லியிருக்கேன்" என்றார். வாழ்நாள் முழுக்க நம்பிய ஒன்றை ஒரு குச்சியின் சாட்சியத்தில் மாற்றிக்கொண்ட அந்த மனுஷனை அன்று முதல் எனக்கு இன்னும் பிடித்துப்போனது. அந்தப் பாடத்தைக் கொண்டுவந்து சேர்த்தது கைபேசி.

இனி மறுபக்கம். எங்களோடு பழகுகிற தம்பி ஒருவன் இருக்கிறான். பரவையிலிருந்து சைக்கிளில் வருவான். நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரன். கிரிக்கெட் கை கோல்ஃப் மட்டையைப் பிடித்தால் வலது கை ஓங்கி நிற்கும், மட்டை முகம் சடக்கென்று மூடும், பந்து இடப்பக்கம் சுருண்டு கருவேலங்காட்டுக்குள் போய்விடும். இதற்கு ஹுக் என்று பெயர். அவன் தினமும் பார்த்த வீடியோக்கள் எல்லாம் இதற்கு நேர் எதிரான வியாதிக்கு மருந்து. புதிதாக ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பந்து வலப்பக்கம் வளையும். அதற்குப் பெயர் ஸ்லைஸ். பார்க்கிறவர்கள் அதிகம் உள்ள வியாதிக்குத்தான் வீடியோவும் அதிகம் வரும். "இடது கையை மட்டையின் மேல் இன்னும் திருப்பிப் பிடி, மணிக்கட்டைச் சீக்கிரம் திருப்பு" என்று அதில் சொல்வார்கள். ஸ்லைஸ் உள்ளவனுக்கு அது அருமையான அறிவுரை. நம் தம்பி அதைச் சிரத்தையாகச் செய்தான். பந்து முன்பைவிடச் சீக்கிரமாகக் காட்டுக்குள் போனது. சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. கேட்டவனும் தப்பாகக் கேட்கவில்லை. நாடி பிடிக்காமல் கொடுத்த மருந்து, அவ்வளவுதான்.

இது இணையத்தோடு பிறந்த சிக்கல் என்றும் சொல்ல மாட்டேன். பென் ஹோகன் 1957-இல் வெளியிட்ட ஐந்து பாடங்கள் நூல் இன்றும் உலகம் முழுக்க விற்கிறது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். ஆனால் ஆட்ட வாழ்வின் முற்பகுதியில் ஹுக்கோடு போராடியவர். அந்த நூலில் அவர் காட்டுகிற கைப்பிடி, முகம் மூடாமல் காக்கிற கைப்பிடி. ஹுக்கில் அவதிப்படுகிறவருக்கு அது வரம். ஸ்லைஸோடு மல்லுக்கட்டுகிறவர் அதை அப்படியே பிடித்தால் ஸ்லைஸ் குறையாது, கூடும். பெரிய ஆட்டக்காரர் தன் உடம்புக்குக் கண்டுபிடித்த தீர்வை எல்லோருக்குமான விதியாக எழுதிவிடுவது அச்சுக் காலத்திலேயே இருந்தது. வீடியோவில் அது வேகமாகப் பரவுகிறது.

ஆகவே நான் இணைய வாத்தியார்களை எடைபோட ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். "உங்கள் பந்து இப்படிக் கிளம்பி இப்படி வளைந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள், வேறு மாதிரி போனால் இந்த வீடியோவைப் பார்க்காதீர்கள்" என்று முதல் நிமிஷத்திலேயே சொல்கிறவரை உட்கார்ந்து கேட்பேன். "இந்த ஒரே ரகசியம் தெரிந்தால் போதும், முப்பது கெஜம் கூடப் போகும்" என்று தொடங்குகிறவரை அங்கேயே நிறுத்திவிடுவேன். அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை. எனக்குச் சொல்கிறாரா என்பது அவருக்கே தெரியாது.

பார்ப்பதே பழகியது போன்ற ஒரு நிறைவைக் கொடுத்துவிடும் என்பது இன்னொரு ஆபத்து. 2018-இல் கார்டாஸ், ஓ'பிரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மேஜை மேல் தட்டுகள் இருக்க, விரிப்பை மட்டும் சடாரென்று உருவும் வித்தையை வீடியோவில் சிலருக்கு ஒரே ஒரு முறை காட்டினார்கள். சிலருக்கு இருபது முறை காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்கு, நமக்கும் இது வரும் என்ற நம்பிக்கை கூடியது. பலமுறை பார்த்ததால் நம்பிக்கை ஏறுகிறதே தவிரத் திறமை அதற்கேற்ப ஏறுவதில்லை என்பதுதான் அவர்கள் ஆய்வின் முடிவு. எனக்கு இதைப் படித்ததும், படுக்கையில் கிடந்து ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ பார்க்கிற நம் பிள்ளைகள் அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள்.

அப்படியென்றால் பார்த்தே படித்த கேடிகளை என்ன சொல்வது? இந்திய கோல்ஃப் வரலாற்றின் பெருமையே அவர்கள்தானே. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 1993-இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை எடுத்தார். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். 1829-இல் தொடங்கிய அந்தக் கிளப்பின் மைதானத்துக்குள்ளேயே வளர்ந்து, ஆடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்ற மகன் 2016, 2017 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் இந்தியன் ஓப்பனை வென்றார். எங்கள் மாமா முனியப்பா பெயரைச் சொல்லும்போது குரலே மாறும். தன் சாதிசனம் ஜெயித்தது போலப் பேசுவார். கேடி என்பதுதான் அவருக்கு அந்தச் சாதி.

அவர்கள் பார்த்ததும் நான் கைபேசியில் பார்ப்பதும் ஒன்றில்லை என்பதை மாமாவோடு ஒருமுறை கொடைக்கானல் போனபோதுதான் உணர்ந்தேன். வாடிப்பட்டி, வத்தலக்குண்டு வழியாகப் பஸ் ஏறி, காலைப் பனி விலகும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். 1895-இல் தொடங்கிய கிளப் அது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம். காற்று அங்கே மெல்லியது. எங்கள் கண்மாயில் நூறு கெஜம் போகிற அடி அங்கே ஏழெட்டு கெஜம் கூடப் போகும். காட்டுமாடுகள் புல்தரையில் மேய்ந்துகொண்டிருந்தன. மாமா ஓரமாக நின்று, ஆடுகிறவர்களை எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். "அவர் கால் பாரு, பந்து காலைவிட மேட்டுல கெடக்கு. நேரா அடிச்சாலும் இடப்பக்கந்தான் போகும். அதுக்குத்தான் வலப்பக்கம் பாத்து நிக்கிறாரு." பந்து இடப்பக்கம் போனது. அடுத்தவர் ஈரப் புல்லில் நின்றார். அதற்கும் ஒரு கணக்குச் சொன்னார்.

கேடி ஒரு அடியைப் பார்க்கும்போது பந்து கிடக்கிற கிடை, சரிவு, காற்று, ஆடுகிறவரின் வயசு, போன அடியின் கோபம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறான். முடிவையும் உடனே பார்க்கிறான். பிறகு அந்தப் பந்து கிடக்கும் இடத்துக்குத் தானே நடந்து போகிறான். வீடியோவில் வருகிற பாடம் பெரும்பாலும் சமதளப் பாயின் மேல் நடக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் மாமா எங்களைக் கண்மாய்க்கரைச் சரிவில் நிறுத்தினார். அது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்கலாம். கரை எப்போதும் அங்கேதான் இருந்தது. பந்து காலுக்கு மேலே, காலுக்குக் கீழே, ஏற்றத்தில், இறக்கத்தில் என்று இப்போது எங்கள் பாதிப் பயிற்சி கரையில்தான்.

மணல் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகப் பிடித்த பாடம் அது. பங்கர் என்கிற மணல் குழியிலிருந்து பந்தை எடுக்கத் தனி மட்டை இருக்கிறது; சாண்ட் வெட்ஜ். 1930-களின் தொடக்கத்தில் ஜீன் சாரசன் மட்டையின் அடிப்புறத்தில் ஈயத்தைப் பற்றவைத்து அதன் இன்றைய வடிவத்துக்கு வழி செய்தார். அடிப்பாகத்தின் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருப்பதால், மட்டை மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். மட்டை பந்தைத் தொடாது, மணல்தான் பந்தைத் தூக்கிவிடும். வீடியோக்களில் எல்லோரும், "முகத்தை அகலத் திற, பந்துக்குப் பின்னால் மணலில் அடி" என்கிறார்கள். அவர்கள் நிற்பது பொலபொலவென்ற, காய்ந்த வெள்ளை மணலில்.

நாங்கள் போனது தேனூர்ப் பக்கம் வைகைக்கு. மணல் மிச்சமிருக்கிற இடங்களைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது; அந்த வருத்தம் தனி. மேலே காய்ந்திருந்தாலும் இரண்டு விரல் ஆழத்தில் ஈரம், இறுகிய பருமணல். அதில் முகத்தைத் திறந்து அடித்தால் மட்டை இறுகிய மணலில் மோதி எகிறி, பந்தின் நடு வயிற்றில் விழும். பந்து தாழப் பறந்து அக்கரை நாணலுக்குள் போகும். மாமா மட்டையை வாங்கி, முகத்தைத் திறக்காமல் கிட்டத்தட்ட இலக்குக்கு நேராக வைத்தார். "எறுகின மணலுக்குத் தோண்டணும் மாப்ள, வழுக்கக் கூடாது." மணல் ஒரு கை அளவு எழுந்தது, பந்து மெதுவாக மேலேறி இறங்கியது. பிறகு தேடிப் பார்த்தபோது ஈர மணலுக்கு இப்படித்தான் என்று சொல்கிற வீடியோவும் இருந்தது. தேடத் தெரிந்தவனுக்கு அது கிடைக்கும். என்ன தேட வேண்டும் என்பதை வைகைதான் சொன்னது.

கைபேசியால் கிடைக்கும் நன்மைகளில் நான் முதலிடம் கொடுப்பது அதன் கேமராவுக்குத்தான். நாம் செய்வதாக நினைப்பதும் நிஜமாகச் செய்வதும் கோல்ஃபில் வெகுதூரம் விலகியிருக்கும். கைபேசியைக் கை உயரத்துக்குக் கட்டி, பந்துக்குப் பின்னால், கைகளும் இலக்கும் நேர்கோட்டில் வரும்படி வைத்து மெதுவோட்டத்தில் எடுத்தால் மட்டை வருகிற பாதை தெரியும். கேமரா சாண் அளவு தள்ளிப்போனாலும் பாதை தப்பாகக் காட்டும். இதைச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு இணைய வாத்தியார்தான். மட்டை முகத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தூவிக்கொள்வோம். அடித்தபின் பந்தின் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். டிரைவரில் நுனிப்பக்கம் பட்டால் பந்து இடப்பக்கம் திரும்பும், குதிகால் பக்கம் பட்டால் வலப்பக்கம் திரும்பும். இந்தத் தடத்தைப் பார்க்காமல் கைப்பிடியை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

மாமா பேசுவது மிகக் குறைவு. பல பந்துகள் அடித்த பிறகு ஒரு வார்த்தை சொல்வார். ஆரம்பத்தில் இது எனக்குப் புரியவே இல்லை. வீடியோவில் ஒரே மூச்சில் அவ்வளவு சொல்கிறார்களே என்று நினைப்பேன். அந்த ஒரு வார்த்தையும் கை, தோள், இடுப்பு பற்றி இருக்காது. "ஸ்டிக்கு எங்கிட்டுப் போகுதுன்னு பாரு" என்பார். 1999-இல் காப்ரியேல் வுல்ஃப் முதலான ஆய்வாளர்கள் கோல்ஃபையே வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். புதிதாகக் கற்றவர்களில் ஒரு சாராரைக் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், மறுசாராரை மட்டையின் ஊசலைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்கள்தான் நன்றாக அடித்தார்கள். உடம்பின் ஒவ்வொரு மூட்டையும் அம்புக்குறி போட்டு விளக்குகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு அப்படியே பந்தின் முன் போய் நிற்கக் கூடாது என்பதற்கு எனக்கு இது போதும். அந்த அம்புக்குறிகளைப் படிக்க இரவு இருக்கிறது. கண்மாய்க்குள் இறங்கும்போது மட்டை, பந்து, குச்சி இவை மட்டும்.

இப்போது எங்கள் வழக்கம் இப்படி ஆகியிருக்கிறது. முதலில் அடிக்கிறோம். பந்து கிளம்பிய திசை, வளைந்த திசை, பவுடர்த் தடம் மூன்றையும் மாமா பார்க்கிறார். நோய் இன்னது என்று ஒத்துக்கொண்ட பிறகு அதற்கான வீடியோவை நான் தேடுகிறேன். இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் நான் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். சில இடத்தில் மாமா, "இத நம்ம பயலுக்குச் சொல்லாத, அவனுக்கு ஆகாது" என்பார். பரவைத் தம்பியின் ஹுக் இப்படித்தான் அடங்கியது. அவனுக்கு நாங்கள் தேடி எடுத்துக் கொடுத்தது ஹோகன் பிடித்த அந்தக் கைப்பிடியை விளக்குகிற பாடம்.

பட்டிங் மட்டும் இன்னும் பாக்கி. குழிக்குப் பக்கத்தில், வழுவழுவென்று வெட்டிய பச்சைப் புல்தரையில் பந்தை உருட்டும் வேலை அது. எங்கள் ஊரில் நெல் காயப்போடும் சிமென்ட் களத்தில் உருட்டுகிறோம். வேகம் பிடிபடுகிறது, புல்லின் போக்கு பிடிபடவில்லை. மார்க் ஸ்வீனி என்பவர் வகுத்த எய்ம்பாயின்ட் என்ற முறையை வீடியோவில் பார்த்து வைத்திருக்கிறேன். பந்தின் பாதை மேல் கால்களை அகட்டி நின்று, பாதத்தால் சரிவை உணர்ந்து, அந்தச் சரிவுக்கேற்ப விரல்களை உயர்த்திப் பிடித்துக் குறி எடுப்பது அந்த முறை. மாமாவும் கொடைக்கானலில் சரிவைக் காலால்தான் படித்திருக்கிறார். ஆனால் விரல் கணக்கை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆவணியில் மழை கொஞ்சம் ஓய்ந்ததும் மலைக்குப் போவதாக இருக்கிறோம். வீடியோவை அவருக்கு முழுக்கக் காட்டிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்த ஆளு சொல்றது சரியாத்தான் படுது. ஆனா பச்சையில ஒருக்கா உருட்டிப் பாக்காம ஆமாம்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.